சங்கத்தை விட்டு விலகலாமா?

கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னை போகும் காலை ரயில். எதிர் இருக்கையில் இருந்த வெள்ளைச் சட்டைக்காரர் திடீரென்று சீறினார்.

"வாயி நம்முது, பேசறது அவன்!"

பக்கத்துப் பயணி திடுக்கிட்டார். "யாரச் சொல்றீங்க சார்?"

"மாநிலம் பூரா கீற முனிசிபாலிட்டிங்களுக்கு ஒரு சங்கம் கீது சார். எங்க ஊரும் அதுல மெம்பரு. மாநாட்டுக்குப் போனா ஒரு சால்வ, ஒரு பிரியாணி, அவ்ளோதான். கம்பெனி லாரிங்க ஓடி ரோடே பூடுச்சுன்னு சொல்ல எழுந்தா, 'நீங்க உக்காருங்க, உங்க சார்பா நாங்க அமைச்சர்கிட்ட பேசிக்கினு கீறோம்'ங்கறான். இன்னா பேசறான்னு நமக்கே தெரியாது. பேஜாரு! வெளிய வந்துரணும்."

"நீங்க கவுன்சிலருங்களா?"

"பின்ன?" என்று காலரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

ஜன்னலோரம் இருந்த அவர் மனைவி விருட்டென்று எழுந்தார். "கவுன்சிலர் நானு. நாளிக்குத் தீர்மானத்துக்குக் கை தூக்கப்போறதும் நானு. சங்கத்துல இருக்கலாமா வேணாமான்னு என்ன ஒரு வார்த்த கேட்டியா நீ?"

"அட, நீ உக்காரு. உன் சார்பாதான நான் பேசிக்கினு கீறேன்."