ஆடியில் பூட்டிக் கிடந்த வீடு

புள்ளிவிவரம் எல்லாம் போதும்யா. நாலு பேரு கொட்டாவி விடறது இந்த மேடையில இருந்தே தெரியுது. ஒரு குட்டிக் கதை சொல்றேன். கேட்டுட்டுச் சிரிக்கிறவங்க சிரிச்சுக்கலாம்... எனக்கு என்னமோ வயிறுதான் எரியுது.

பவுனம்மான்னு ஒரு அம்மா. தெருமுனையில இஸ்திரி வண்டி போட்டுத் துணி தேய்க்கிறவங்க. புருஷன் இல்லை. பன்னெண்டாவது படிக்கிற ஒரே பொண்ணு. ஒரு ரூம், ஒரு அடுப்படி, அதுதான் அவங்க வாடகை வீடு. ஒரு நாள் வீட்டுக்காரர் வந்து நின்னார். "பவுனம்மா, வீட்டை இடிச்சுக் கட்டப் போறேன். மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிடு." அவ்வளவுதான்! இந்த அம்மா எங்க போவாங்க? போற இடத்துல எல்லாம் பத்து மாச அட்வான்ஸ் கேக்கறான். துணி தேய்க்கிற கைக்கு அது எட்டுமா?... எட்டுமா, சொல்லுங்க?

அந்த ஏரியாவுல உங்க சங்கம் மாதிரியே ஒரு உதவிச் சங்கம். வாடகை வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவங்களுக்கு வேற வீடு பிடிச்சுக் கொடுக்கிற சங்கம். செயலாளர் பேரு சபாநாயகம். நல்ல மனுஷன்... சத்தியமா நல்ல மனுஷன். என் வயித்தெரிச்சலே அதுதான்! கெட்டவனா இருந்தா திட்டிட்டுப் போயிடலாம். அலையா அலைஞ்சு ரெண்டு தெரு தள்ளி ஒரு வீடு பிடிச்சார். சங்கத்துல இருந்தே அட்வான்ஸ் கட்டினார். சாவியும் வாங்கிட்டார். பவுனம்மா கையெடுத்துக் கும்பிட்டாங்க. "சார், நாளைக்கே சாமானை எடுத்துட்டு வந்துடவா?"

சபாநாயகம் சுவத்துல இருந்த காலண்டரைப் பார்த்தார்...

பார்த்தார் பாருங்க, அங்கதான் வந்தது வினை!

"ஐயையோ, ஆடி பொறந்துடுச்சேம்மா! ஆடியில யாராவது பால் காய்ச்சுவாங்களா? ஆவணி முதல் முகூர்த்தத்துல நானே முன்ன நின்னு உன்னைக் குடி வைக்கிறேன்." கமிட்டி மொத்தமும் ஆமாம் ஆமாம்னு தலையாட்டுச்சு. சாவி எங்க போச்சு? சபாநாயகம் வீட்டுப் பூஜை ரூமுக்குப் போச்சு. பிள்ளையார் படத்துக்கு முன்னாடி உக்காந்துக்கிச்சு.

பவுனம்மா பழைய வீட்டுக்காரர்கிட்ட ஓடினாங்க. "ஐயா, ஆடி மட்டும் முடியட்டுமே." அவர் என்ன சொன்னார் தெரியுமா? "ஆடியில குடி போகத்தான் கூடாதும்மா. காலி பண்ணலாம். தாராளமா பண்ணலாம்." எப்படி இருக்கு நியாயம்? அவருக்கு இடிக்க ஆடி ஆகும். நமக்குக் கடை வாசல்ல முட்டி மோதித் தள்ளுபடியில புடவை வாங்க ஆடி ஆகும். பவுனம்மா ஒரு கூரைக்குக் கீழ போகத்தான் ஆடி ஆகாது!

சாமான் தெருவுக்கு வந்துடுச்சு. இஸ்திரி வண்டியில ஒரு தார்ப்பாயைக் கட்டி, அதுக்குக் கீழ பாத்திரம், துணிமணி, பொண்ணோட புஸ்தகம். தாயும் பொண்ணும் அங்கேயே குடித்தனம். வயசுப் பொண்ணுய்யா! குளிக்க எங்க போவா? உடுப்பு மாத்த எங்க போவா? யோசிச்சானா ஒருத்தன்? மழை வேற. அங்க, ரெண்டு தெரு தள்ளி, வீடு இருக்கு. வாடகை ஓடிட்டிருக்கு. ஃபேன் இருக்கு, குழாய்ல தண்ணி இருக்கு, வாசல்ல பூட்டு தொங்குது. உள்ள யாரு? கரப்பான்பூச்சி! அது மட்டும் நாள் பாக்காம குடி வந்துடுச்சு.

ஒரு நாள் காலையில அந்தப் பொண்ணு பையைத் தூக்கி ஓரமா வெச்சுட்டா. "நான் இனிமே ஸ்கூலுக்குப் போகலைம்மா. எல்லாரும் நின்னு நின்னு பாக்கறாங்க." பவுனம்மா அன்னிக்கு ஒரு துணிகூடத் தேய்க்கலை. நேரா சபாநாயகம் வீட்டுக்குப் போனாங்க.

"சார், சாவியைக் குடுங்க."

"உன் நல்லதுக்குத்தாம்மா சொல்றேன். ஆடியில குடி போனா குடும்பத்துக்கு ஆகாது. பல்லைக் கடிச்சுக்கிட்டு இன்னும் கொஞ்ச நாள்..."

"நான் ரோட்டுக்குக் குடி வந்ததும் இதே ஆடியிலதான் சார். அதுக்கு யாரும் காலண்டர் பாக்கலையே?... ரோட்டுக்குக் குடி போக எந்த மாசம் சார் நல்ல மாசம்?"

உடனே சாவியை எடுத்துக் கொடுத்திருப்பார்னுதானே நினைக்கிறீங்க? அதுதான் இல்லை! மனுஷன் போனை எடுத்து ஜோசியருக்கு அடிக்கிறார்! "பரிகாரம் ஏதாவது இருக்கான்னு கேட்டுடறேன், இரும்மா..." எனக்கு வர்ற கோபத்துக்கு... சரி, விடுங்க.

நல்ல வேளை, அவர் சம்சாரம் விசாலம் அடுப்படியில இருந்து எல்லாத்தையும் கேட்டுட்டிருந்தாங்க. விறுவிறுன்னு பூஜை ரூமுக்குப் போனாங்க. சாவியை எடுத்தாங்க. ஃப்ரிட்ஜைத் திறந்து ஒரு பால் பாக்கெட்டையும் எடுத்தாங்க. ரெண்டையும் பவுனம்மா கையில திணிச்சாங்க. "போங்க. போய் இப்பவே காய்ச்சுங்க. ஏதாவது தோஷம் வந்தா அது இந்த வீட்டுக்கு வரட்டும்." அப்புறம் புருஷனைத் திரும்பிப் பார்த்து, "நீங்க போன்லயே இருங்க!"

கை தட்டாதீங்க. தட்டாதீங்கன்னா! இன்னும் முடியலை.

நான் மேடை ஏறும்போது உங்க தலைவர் என் காதுல பெருமையா ஒண்ணு சொன்னார். "ஐயா, மூணு குடும்பத்துக்கு வீடு பார்த்தாச்சு. இந்த ஆடி முடிஞ்சதும் ஆவணியில விழா எடுத்துச் சாவி கொடுக்கறோம். நீங்கதான் வந்து உங்க கையால கொடுக்கணும்." முறைக்காதீங்க தலைவரே, நீங்க சொன்னதுதானே? நான் கேக்கறேன்... அந்த மூணு குடும்பமும் இந்த நிமிஷம் எங்கய்யா இருக்கு? யாருக்காவது தெரியுமா?... தெரியாது!

உங்க நம்பிக்கையை நான் கேலி பண்ணலை. உங்க பொண்ணு கல்யாணத்துக்கு நாள் பாருங்க, நானும் மொய்யோட வர்றேன். ஆனா அடுத்தவன் நனைஞ்சுக்கிட்டு நிக்கும்போது நாள் பாக்காதீங்க. வீடு இல்லாதவனுக்கு வீடு கிடைக்கிற நேரம்தான் நல்ல நேரம். உதவியைச் சேர்த்துப் பூட்டி வைக்கிறதுக்கு எதுக்குய்யா ஒரு சங்கம்?

விழாவுக்கு நான் வரலை. இந்த மாலையும் எனக்கு வேண்டாம். அந்தச் சாவி எல்லாம் யார்கிட்ட இருக்கு?... அதோ, ரெண்டாவது வரிசையில ஒருத்தர் சட்டைப் பையைத் தடவறார் பாருங்க. எடுங்கய்யா வெளியே! பைக்கை எடுத்துட்டு அந்த மூணு குடும்பத்தையும் தேடிக் கிளம்புங்க. சாப்பாடு எங்கேயும் ஓடிடாது, வந்து சாப்பிடலாம். நான் பேசினது போதும்... எந்திரிங்க.