பின்னறையில் லைன் கிடைக்காது

கம்பியில்லாத் தொலைபேசி சரியாக வேலை செய்யவில்லை என்றால், அதன் பெட்டியை எங்கே வைத்திருக்கிறோம் என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். பலர் கடைக்காரனைத் திட்டுவார்கள். அவன் மேல் பிழை இருக்காது. பெட்டியை ஐஸ்பெட்டிக்குப் பக்கத்தில் வைக்கக்கூடாது. தகரச் சாமான்களுக்கு நடுவில் வைக்கவே கூடாது. ஏரியலை முழுதாக இழுத்துவிட வேண்டும். இவ்வளவுதான். டீ ஆறுகிறது, குடியுங்கள் இன்ஸ்பெக்டர். நான் பள்ளிக்கூடத்து ஆசிரியை. எதையும் ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் எனக்குத் திருப்தி.

தம்பி தியாகராஜாவை வளர்த்தது நான். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போனபோது அவன் அரைக்கால் சட்டை போட்டுத் திரிந்தான். எனக்கு வந்த சம்பந்தங்களை எல்லாம் அவனுக்காகத் தட்டிக் கழித்தேன். படித்து லூமுட் கடற்படைத் தளத்தில் எஞ்சினியராகச் சேர்ந்த பிறகு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஈப்போவுக்கு வருவான். மற்ற நாட்களில் வேலை முடிந்ததும் தொலைபேசியில் கூப்பிடுவான். நான் முகம் கழுவி, பவுடர் போட்டு, ஹாலில் தொலைபேசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். சிரிக்காதீர்கள். என்ன சமைத்தேன், எந்தப் பையன் கணக்கில் முட்டை வாங்கினான் என்று எல்லாவற்றையும் அவனுக்குச் சொல்வேன். அந்த அழைப்பு பல வருஷமாக என்னுடையதாக இருந்தது.

பிறகு அவன் நல்லம்மாளைக் கட்டிக்கொண்டு வந்தான். சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிற ராக்காயியின் மகள். எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள் மத்தியில் அது எப்படிப்பட்ட பேச்சாக இருந்திருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. ராக்காயி வந்தால் காப்பி கொடுப்பேன். தனி டம்ளரில் கொடுத்தேன் என்று யாரோ சொன்னார்களாம். அது சுத்தம் சம்பந்தப்பட்ட விஷயம்.

நல்லம்மாள் உண்டானபோது, நஞ்சுக்கொடி இறங்கியிருக்கிறது, கட்டிலை விட்டு நடக்கக்கூடாது என்றார் டாக்டர். இரத்தம் கண்டால் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ண வேண்டும் என்றும் சொன்னார். அவளுக்குப் பின்னறை. தொலைபேசி ஹாலில். அதனால் தம்பி சிங்கப்பூரிலிருந்து கம்பியில்லாத் தொலைபேசியை வாங்கி வந்தான். வயர் செருகுகிற பெட்டியை ஹாலில், பழைய தொலைபேசிக்குப் பக்கத்தில் மாட்டினான். பேசுகிற கருவியை அவள் கையில் கொடுத்தான்.

அன்றிலிருந்து இரண்டிலும் மணி அடிக்கும், அவளே முந்தி எடுத்துவிடுவாள். நான் ஹாலில் பவுடர் பூசிய முகத்தோடு உட்கார்ந்திருப்பேன். பின்னறையிலிருந்து சிரிப்புச் சத்தம் வரும். எனக்கு வயிறு எரிந்தது. அதை நான் மறைக்கவில்லை. பேசி முடித்துவிட்டு அவள், "அக்கா, அவரு ஒங்கள கேட்டதா சொன்னாரு" என்று சத்தம் போட்டுச் சொல்வாள். என் தம்பி என்னைக் கேட்டதை அவள் எனக்குச் சொல்லுவாளாம்.

முதலில் நான் ஒன்றும் செய்யவில்லை. ஒரு நாள் அதுவாகவே கரகரவென்றது. தொலைபேசி பழுது பார்க்கும் கடையிலிருந்து ஜெயபாலன் என்ற பையனைத் தம்பி வரச் சொன்னான். அவன் பெட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ரோசாக் இல்லலா அக்கா. கெட்டுப்போகல, நல்லாதான் இருக்கு. நீங்க பிஸ்கட் டின்ன பக்கத்துல வச்சிருக்கீங்க பாருங்க, அது அலைய மறிக்குது" என்றான். டின்னை எடுத்ததும் லைன் பளிச்சென்று வந்தது. அவனுக்கு நன்றி சொல்லி, அந்த டின்னிலிருந்தே இரண்டு பிஸ்கட் கொடுத்து அனுப்பினேன்.

அடுத்த வாரம் பெட்டியை டின்னுக்குள்ளேயே வைத்தேன். பெரிய சதுர டின், கச்சிதமாக இருந்தது. மூடி சரியாக மூட வேண்டும் என்பதற்காக வயர் போகிற அளவுக்கு விளிம்பைக் கத்தரிக்கோலால் கொஞ்சம் வெட்டினேன். அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது.

மறுபடியும் ஹாலில் மட்டும் மணி அடித்தது.

"அக்கா, நல்லம் ஏன் எடுக்கிறா இல்லை?" என்று தம்பி கேட்டான்.

"நித்திரை, தம்பி. எழுப்பட்டே?"

"வேண்டாம், வேண்டாம். நீங்கள் சொல்லுங்கோ. இண்டைக்கு என்ன சமையல்?"

எவ்வளவு நாள் கழித்து அந்தக் கேள்வி வந்தது தெரியுமா? காது குளிர்ந்தது.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் புறப்படும்போது பெட்டியை வெளியே எடுத்து வைத்துவிடுவேன், தம்பி வரும் நாள் அல்லவா. அவன் சோதித்துப் பார்ப்பான், நன்றாக வேலை செய்யும். ஜெயபாலனையும் வெள்ளிக்கிழமைகளில்தான் வரச் சொன்னேன். நல்லம்மாள் மட்டும் விடவில்லை. "நீங்க இருக்கறப்ப மட்டுந்தான் லைன் நல்லா இருக்கு, அக்காகிட்ட கேளுங்கலா" என்று ஒரு நாள் தம்பியிடம் அழுதாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். தம்பிக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னை வளர்த்தவா. அவவைப் பற்றி இன்னொரு வார்த்தை கதைச்சால் பார்!" என்றான். பட்டன் அழுத்தத் தெரியாதவள் என்று கூடச் சொன்னான். பாவம், அவள் முகம் செத்துப்போயிற்று. அதன் பிறகு நானே பக்கத்தில் உட்கார்ந்து, ஏரியலை இப்படி முழுதாக இழுக்க வேண்டும், பிறகு பட்டனை அழுத்த வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தேன். மக்குப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துப் பழகியவள் நான்.

அந்தப் புதன்கிழமை மத்தியானம் ஹாலில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். பின்னறையில் கருவியின் பட்டன் சத்தம் கேட்டது. லைன் கிடைக்காவிட்டால் அது கீச் என்று ஒரு சத்தம் போடும். பட்டன், கீச். திரும்பவும் பட்டன், கீச். பிறகு "அக்கா" என்று கூப்பிட்டாள். தண்ணீர் வேண்டும், காற்றாடியைப் போட வேண்டும் என்று அவள் கூப்பிடுவது வழக்கம். இது அந்தக் குரல் இல்லை. வித்தியாசம் எனக்குத் தெரிந்தது. நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

கையிலிருந்த தாளைத் திருத்தி முடித்தேன். அடுத்ததையும் எடுத்தேன். "அக்கா, ரத்தம்" என்றாள். அதற்கடுத்து "ஆத்தா" என்று அவள் அம்மாவைக் கூப்பிட்டாள். கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றுவிட்டது. அப்போது எழுந்து டின்னைத் திறந்தேன். பெட்டியை மேசைமேல் வைத்து, ஏரியலை இழுத்துவிட்டு, டின்னுக்குள் பிஸ்கட்டை அடுக்கி அலமாரியில் ஏற்றினேன். நாலு பேர் வந்துபோகப் போகிற வீடு, ஒழுங்காக இருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பின்னறைக்குப் போனேன். அவள் கதவு வரை தவழ்ந்து வந்திருந்தாள். கையில் கருவி இருந்தது. ஏரியலை முழுதாக இழுத்திருந்தாள், நான் சொல்லிக் கொடுத்தபடியே. ஆம்புலன்ஸுக்கு நான்தான் போன் பண்ணினேன். முதல் முறையிலேயே லைன் கிடைத்தது. ஆனால் தாயும் பிள்ளையும் தங்கவில்லை.

எட்டாம் நாள் காரியத்துக்கு வந்தவர்களுக்குக் கொடுக்க பிஸ்கட் எடுத்து வரத் தம்பியை அனுப்பினேன். யோசிக்காமல் செய்த ஒரே காரியம் அது. அவன் டின்னின் விளிம்பை விரலால் தடவிக்கொண்டு நின்றான். பிஸ்கட்டை எல்லாம் தரையில் கொட்டினான். பெட்டியை உள்ளே வைத்தான், வயர் அந்த வெட்டில் அப்படியே உட்கார்ந்தது. மூடியைப் போட்டுவிட்டு, கருவியை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனான். பட்டன், கீச். வெகுநேரம் அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. வெளியே வந்தவன் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அவனே புகார் கொடுத்தான் என்கிறீர்கள். கொடுத்திருப்பான், துக்கத்தில் இருக்கிறான். ஆமாம், நான்தான் வைத்தேன். அவள் கூப்பிட்டதும் கேட்டது. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன். ஆனால் தம்பி என்னை வெறுத்துவிட்டான் என்று மட்டும் எழுதாதீர்கள். அவனை உங்களுக்குத் தெரியாது.

போகுமுன் ஒரு சிறு உதவி. பெட்டியை இப்போது உயரமான இடத்தில் வைத்திருக்கிறேன், சுற்றிலும் ஒரு தகரம் கிடையாது. கருவியைத் தலையணைக்குப் பக்கத்திலேயே வைத்துப் படுக்கிறேன். சாயங்காலம் முகம் கழுவிப் பவுடர் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். அப்படியும் மணி அடிப்பதில்லை. தொலைபேசி ஆபீஸில் சொல்லி யாரையாவது அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். லைனில் ஏதோ கோளாறு இருக்கிறது.