பையர் வந்தால் செக்கப்

பெருமாநல்லூர் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பனியன் கம்பெனிப் பெண்கள். இளையவளுக்கு ஏழு மாத வயிறு. கால் வீங்கி, செருப்பைக் கழற்றி வைத்திருந்தாள்.

“துணி வாங்கற வெளிநாட்டு பையர் வந்தாத்தானுங்க அக்கா எனக்கு செக்கப்பு.”

“ஏங்கண்ணு, அவரென்ன டாக்டரா?”

“மாசாமாசம் லீவு கேட்டா, ஷிப்மெண்ட் போகட்டும்னு சூப்பர்வைசர் சொல்லுவாருங்க. போன மாசம் எங்களை ஒழுங்கா வெச்சிருக்காங்களான்னு பார்க்க பையர் ஆடிட்டுக்கு வந்தாங்க. அன்னிக்கு அதே சூப்பர்வைசரே, ‘உடம்பு முக்கியம் சாமி’ன்னு கம்பெனி வேன்ல ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வெச்சாருங்க. வேன் ஏறறப்ப போட்டோ வேற.”

“தங்கமான மனுசன்! அடுத்த ஆடிட் எப்பவாம்?”

“ஆறு மாசம் கழிச்சுங்க.”

“நல்லதாப் போச்சு. அப்ப எடுக்கற போட்டோவுல புள்ளையும் சேர்ந்து சிரிக்கும்.”