விளக்கு மில்ரன்

யன்னலைத் திறந்து விட்டதற்கு நன்றி. கடல்காற்று இல்லாமல் எனக்கு ஒழுங்காகப் பேச வராது.

நீங்கள் என்னை விசாரிக்கக் கொழும்பிலிருந்து வந்திருக்கிறீர்கள். அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். தலைமன்னாருக்கு அப்பால் மணல் திட்டுகள் கடலுக்குள் போகின்றன. பிறகு கடலை விட்டு வானத்தில் ஏறுகின்றன. எங்கள் வள்ளங்கள் அந்த வழியால் மேலே போய்த்தான் மீன் பிடிக்கின்றன. ஏழாம் திட்டு கடைசி. அதற்கு அப்பால் வெளிவானம். திட்டுகள் ஏறும் வழியிலும் அங்கேயும் பகல் கிடையாது. ஆகவே கரையில் இருக்கும் பெரிய விளக்கு பகலிலும் எரிய வேண்டும். அது அணைந்தால், மேலே நிற்கிறவனுக்குத் திட்டு எது, பாழ்வெளி எது என்று தெரியாது. அந்த விளக்குக்கு நான் பொறுப்பு. என் தங்கை நிறஞ்சலா எனக்கு உதவி.

நான் பல்கலைக்கழகம் போனவன். கரையில் என் பெயர் விளக்கு மில்ரன்.

ஒருநாள் பேசாலைக் கரையில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்த கிழவர் கிறகரியர் கேட்டார்: “விளக்கு மில்ரன், இவ்வளவு படிச்சும் திரி தூண்டுறதுதானோ வேலை?”

“சும்மா சொல்லாதேங்கோ. கண்ணாடி துடைக்கவும் தெரியும்,” என்றாள் நிறஞ்சலா.

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். இதைக் காரணம் என்று எழுத வேண்டாம். கேட்டீர்கள், சொன்னேன்.

கருங்கப்பல்காரர்கள் வெளிவானத்திலிருந்து என்னைத் தேடி வந்தது அதற்குப் பிறகு. அவர்களுக்கு ஏழு திட்டுகளும் வேண்டும். அவற்றை ஆள இந்த ஊரில் ஒருவன் வேண்டும். கப்பல் இருட்டில் உள்ளே வர வேண்டும். வழியில் எங்கள் வள்ளம் ஒன்றும் நிற்கக் கூடாது. அவ்வளவுதான் கேட்டார்கள். நான் மன்னார் பஜாரில் கணுக்கால் வரை இறங்கும் கறுப்புச் சட்டை ஒன்று தைப்பித்தேன். அதிபதியைப் பார்த்ததும் அதிபதி என்று தெரிய வேண்டும். தையல்காரர் நாடகத்துக்கோ என்று கேட்டார். ஓம் என்றேன்.

நாளைத் தெரிந்தெடுத்தவன் நான்தான். பெரிய வெள்ளி. பேசாலையிலும் வங்காலையிலும் அன்று கத்தோலிக்கர் ஒருவரும் வலை தொட மாட்டார்கள். மாதா கோயில் மணியும் உயிர்ப்புத் திருநாள் வரை அடிக்காது. ஆபத்து என்று ஊரைக் கூப்பிட வழியில்லை. வெள்ளிக்கிழமை என்பதால் முஸ்லிம் ஆட்களும் ஜும்ஆத் தொழுகை முடியும்வரை கரையில் நிற்பார்கள். இரு பகுதியும் ஒன்றாகக் கரையில் நிற்கும் ஒரு நண்பகல். வெளிவானத்தில் எவனுக்கும் இது தோன்றியிராது. இங்கே பிறந்த எனக்குத் தோன்றியது.

நிறஞ்சலா ஒருத்திதான் தடங்கல். அவள் விளக்கடியை விட்டு அசைய மாட்டாள். ஏழாம் திட்டில் தலைமன்னார் மர்சூக் மீன்வாடி போட்டுத் தனியாக இருந்தார். அவருக்கு நெஞ்சுநோ என்று செய்தி வந்ததாக அவளிடம் சொன்னேன்.

“பெரிய வெள்ளியில வள்ளம் இறக்கலாமோ அண்ணா?”

“வலை போடவோ போறாய்? ஆளை எடுக்கத்தானே போறாய்.”

“ஓம், அதுவும் சரிதான். நான் வருமட்டும் கஞ்சியை மூடி வையுங்கோ.”

கஞ்சியை மூடி வைத்தேன். ஜும்ஆ தொடங்கியதும் விளக்கை அணைத்தேன். விளக்குக் கோபுரத்தின் மேல்மாடத்தில் கதிரையைப் போட்டு இருந்தேன்.

மர்சூக்கின் மனைவி உம்மு ஸல்மா முற்றத்தில் நின்று வானத்தைப் பார்த்திருக்கிறாள். பள்ளிவாசலுக்கு ஓடியிருக்கிறாள். பள்ளிவாசலில் ஒலிபெருக்கி இருப்பதை நான் மறந்தேன் என்று நினைக்காதீர்கள். மறக்கவில்லை. பள்ளிவாசல் கூப்பிட்டுப் பெரிய வெள்ளியில் கத்தோலிக்கன் எழும்ப மாட்டான் என்று முடிவு செய்திருந்தேன். பாங்கு சொல்லும் மோதினார் பைறூஸின் குரல் மேலே எனக்கே கேட்டது. “விளக்கு அணைஞ்சிட்டு. எங்கட மர்சூக்கும் நிறஞ்சலாவும் மேல நிக்கிறாங்க. வள்ளம் இருக்கிற ஆக்கள் இறக்குங்க.”

தொலைபேசியில் செய்தி பேசாலைக்குப் போனது. அங்கே சிலுவைப் பாதை பாதியில் நின்றது. இன்றைக்கு வள்ளம் இறக்குவது பாவம் என்று யாரோ சொன்னார்களாம். கிறகரியர் சாரத்தை மடித்துக் கட்டினாராம். “வலை போடவோ போறம்? ஆளை எடுக்கப் போறம். தள்ளுங்கோடா.”

அது என்னுடைய வசனம். காலையில் நான் சொன்னது. கையெழுத்தைத் தவிர வேறு எழுதத் தெரியாத ஒரு கிழவன் அதையே சொல்லியிருக்கிறான். இன்றுவரை எனக்கு ஆத்திரம் இதில்தான்.

முதல் வள்ளம் முதல் திட்டில் லாம்பைக் கொளுத்தி நின்றது. அடுத்தது அந்த லாம்பு கண்ணுக்குத் தெரியும் தூரம்வரை போய்த் தன் லாம்பைக் கொளுத்தியது. பிறகு அடுத்தது. மாதா படம் ஒட்டிய வள்ளத்துக்கு மேலே பிறை வரைந்த வள்ளம். கரையிலிருந்து வானத்துக்கு ஒரு வெளிச்சக் கோடு ஏறியது. வழியில் ஒரு பொட்டு வெளிச்சமும் இராது என்று நான் வாக்குக் கொடுத்திருந்தேன். கருங்கப்பல் அதைப் படை என்று நினைத்துத் திரும்பிவிட்டது. மீன்பிடி வள்ளங்களைக் கண்டு ஓடிய கோழைகளை நம்பியது என் பிழை. வேறு பிழை நான் விடவில்லை.

என்னை ஏற்றிப் போகக் கப்பலிலிருந்து ஒருவரும் வரவில்லை. படியேறி வந்தது கிறகரியர். நான் அந்தச் சட்டையோடு இருந்தேன். அவர் மேலும் கீழும் பார்த்தார்.

“நாடகம் முடிஞ்சுது தம்பி. இறங்கும்.”

இடையில் நடந்ததைத் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். மர்சூக் சொன்னது சரி. வள்ளங்கள் எட்டுவதற்கு முன்பே கப்பல் ஏழாம் திட்டுக்கு வந்துவிட்டது. நிறஞ்சலா கையிலிருந்த ரோச் லைற்றை அணைத்து அணைத்து அடித்தாள். விளக்கைக் கொளுத்துங்கோ என்று அர்த்தம். அந்தச் சைகையை அவளுக்குப் பழக்கியவன் நான். நெருப்புப்பெட்டி என் கையில் இருந்தது. கொளுத்தியிருந்தால் கப்பலைக் கண்டு விலகியிருப்பாள். ஊரும் கப்பலைக் கண்டிருக்கும். நான் கொளுத்தவில்லை. கப்பல் அந்தச் சின்ன வெளிச்சத்தின் மேலால் போனது. அதற்குப் பிறகு அது இல்லை. மர்சூக் ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். அவரைத்தான் எடுத்தார்கள்.

அவளை இன்னும் தேடுகிறார்கள். உயிர்ப்பு ஞாயிறும் போய்விட்டது. பைறூஸும் கிறகரியரும் முறை வைத்து விளக்கை எரிக்கிறார்களாம். வீண் எண்ணெய். அவள் வர மாட்டாள். பார்த்தவன் நான். ஆட்சி கிடைத்திருந்தால் இரண்டாம் திட்டை அவளுக்குத்தான் கொடுத்திருப்பேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இனி யன்னலைச் சாத்திவிடுங்கள். காற்றுக்காகத்தான் திறக்கச் சொன்னேன். அந்த விளக்கின் வெளிச்சம் நேரே கண்ணில் விழுகிறது. மற்றபடி எனக்கு நித்திரை நன்றாகத்தான் வருகிறது.