பொன்னாயிக்குப் போட்ட சத்து ஊசி

எனக்கு பஸ் பயணம் ஒத்துக்கொள்ளாது, இன்ஸ்பெக்டர். காளப்பநாயக்கன்பட்டி தாண்டி மலைப்பாதையின் முதல் வளைவிலேயே குமட்டும். அதனால் லீவுக்குக்கூட இறங்காமல், மலை ஜனங்களுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டு மேலேயே இருந்துவிடுவேன். நல்ல டாக்டர் என்று பெயர்.

பொன்னாயி மிளகு பறிக்க ஒற்றை மூங்கில் ஏணியில் ஏறி வழுக்கினாள். மூங்கில் முனை கெண்டைக்காலைக் கிழித்துவிட்டது. பெரிய காயமில்லை. ஒழுங்காக மாத்திரை கொடுத்திருந்தால் பத்து நாளில் தோட்டத்துக்குப் போயிருப்பாள்.

நம் உடம்பு வலியைத் தணிக்க அபின் மாதிரி ஒன்றைத் தானே சுரந்துகொள்கிறது. காயத்துக்கு ஓடிவரும் வெள்ளணுக்கள் அதைக் கொண்டும் வருகின்றன, அதன் பேச்சைக் கேட்டும் நடக்கின்றன. அந்தப் பேச்சு காதில் விழாமல் செய்தால் அவை என்ன செய்யும்? படிக்கிற காலத்திலிருந்தே பார்க்க ஆசை. அபினைத் தடுக்கும் மருந்து என்னிடம் இருந்தது. சத்து ஊசி என்று சொல்லி, தினமும் வீட்டுக்கே போய்ப் போட்டேன். கிருமிக்கான மாத்திரையும் கொடுத்தால் எது எதனால் என்று குழம்பிவிடும். அதற்குப் பதில் சுண்ணாம்புச்சத்து மாத்திரை கொடுத்தேன்.

இங்கே வீடு தேடி வந்தவர் மனம் சங்கடப்படும்படி எதுவும் சொல்லமாட்டார்கள். வலிக்கிறதா என்று கேட்டால், "இல்லீங்க சாமி, பரவால்லீங்க" என்பாள். பாயைப் பிறாண்டிக்கொண்டேதான் சொல்வாள். இந்த வழக்கம் எனக்குத் தெரியும். வலி இல்லை என்று எழுதிக்கொண்டேன்.

ஆறாம் நாள் காய்ச்சல். கால் கறுத்தது. நர்ஸ் மெர்சி, "நாமக்கல்லுக்கு அனுப்பிடலாங்க சார்" என்றாள். இரண்டு நாள் பார்க்கலாம் என்றேன். வெள்ளணுக்களைப் பார்க்க இன்னும் கொஞ்சம் ரத்தம் வேண்டியிருந்தது. ஒன்பதாம் நாள் எடுத்துக்கொண்டிருக்கும்போதே இறந்துபோனாள். குழாய் பாதிதான் நிறைந்தது. அதில் எனக்கு வருத்தம் உண்டு.

காரியம் முடிந்து அவள் புருஷன் சென்றாயன் ஒரு படி மிளகு கொண்டுவந்தார்.

"தெனமும் ஊடு தேடி வந்தீங்களே சாமி, எங்களுக்கு ஆருங்க இப்படிச் செய்வாங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அவளுக்குக் குழி வெட்டும்போது மண்வெட்டி பட்டதாம், அவர் பாதத்தில் சீழ் வைத்திருந்தது.

ஒருத்தியிடம் பார்த்ததை மட்டும் வைத்து யாரும் எதையும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். அவரை பெஞ்சில் உட்காரவைத்து முதல் ஊசியைப் போட்டேன்.

மூன்றாவது ஊசிக்குப் பிறகு மெர்சி உங்களிடம் வந்துவிட்டாள். பாவம், அந்த மனுஷனுடைய வைத்தியம் பாதியில் நிற்கிறது.