பிரேக்தான் மிதிச்சேன்

— காலை நீட்டி உக்காரு குவாபரா. நீ இப்படி மண்டி போட்டு உக்காந்தா துக்கம் விசாரிக்க வந்தவன் மாதிரி இருக்கு.

— பரவாயில்ல சார். தப்பா நினைக்காதீங்க, இன்னிக்கு நான் உங்க பழைய ஆளா வரல. கம்பெனி அனுப்பி வந்திருக்கேன்.

— டை கட்டிக்கிட்டு வந்து நின்னப்பவே தெரிஞ்சுதுடா. என்ன கேட்டுட்டு வரச் சொன்னாங்க?

— நாளைக்குப் பத்திரிகைக்காரரை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கீங்களாமே?

— ஆமா. காலையில வர்றான்.

— அவர்கிட்ட என்ன சொல்லப் போறீங்க?

— நடந்ததைச் சொல்லப் போறேன். கடை வாசல்ல வண்டியை நிறுத்தப் போனேன். பிரேக்கை மிதிச்சேன். வண்டி நிக்காம பாஞ்சுது. கண்ணாடிக் கதவை உடைச்சுக்கிட்டு உள்ள போயிருச்சு. அலமாரி சாஞ்சு, அங்க வேலை பாக்கற ஒகிமோட்டோ பொண்ணுக்குக் கால் ஒடிஞ்சுது. வண்டியில கோளாறு. போலீஸ்கிட்டயும் இதைத்தான் சொன்னேன்.

— நிராசாவா சார், அந்தப் பெடலை வரைஞ்சதே நீங்க.

— அதனாலதான் நான் சொன்னா நம்புவாங்க.

— ஐயோ, அதான் சார் எங்க பயமே! பெடலைப் பெத்தவரே பெடல் சரியில்லன்னு சொல்லிட்டாருன்னு எழுதுவாங்க. அதுக்கப்புறம் நாங்க யாருகிட்ட போய் என்ன சொல்ல?

— சொல்றதுக்கு என்ன இருக்கு? கோளாறுன்னா கோளாறு. தேடிப் பாருங்க.

— தேடிட்டோம். இந்தக் கையாலதான் பிரிச்சேன். ஸ்பிரிங், கேபிள், சென்ஸார், ஒண்ணு விடல. தரைவிரிப்பு மடங்கியிருக்கான்னு கூட டார்ச் அடிச்சுப் பாத்தேன்.

— சரியாப் பாத்திருக்க மாட்ட.

— சார், பாக்கக் கத்துக்குடுத்தது யாரு?

— அட போடா. டீயைக் குடி, ஆறுது. இந்த வருஷம் முதல் பறிப்பு.

— டீ அப்புறம் குடிக்கறேன். முதல்ல கேள்வியை முடிச்சுடறேன். தப்பா நினைக்காதீங்க, வரிசையாக் கேக்கணும்.

— கேளுடா. அந்த வரிசையைப் போட்டவனே நான்தானே.

— கடைக்கு எதுக்குப் போனீங்க?

— சோயா சாஸ் தீந்து போச்சு.

— வழியில உடம்புக்கு ஏதாவது? தலைசுத்தல், கண் இருட்டிட்டு வர்றது?

— எருமை மாதிரி இருக்கேன்.

— கால்ல என்ன போட்டிருந்தீங்க?

— கால்லயா? என்னமோ போட்டிருந்தேன்.

— ஷூவா, செருப்பா?

— ஞாபகம் இல்ல.

— ஞாபகம் இல்லையா? விபத்தாகி எதிர்ல உக்காந்து அழுதுக்கிட்டிருக்கற ஆளைக்கூட விடாம, முதல்ல செருப்பைத்தானே சார் கேப்பீங்க! புகார் பிரிவுல உங்களுக்குப் பேரே செருப்புக்காரர்தான்.

— என் முதுகுக்குப் பின்னாடி வெச்ச பேரா அது?

— நான் வெக்கல. எனக்கு முன்னாடியே இருந்துச்சு.

— நல்லா இருங்கடா. எஞ்சின் வரைஞ்சவனுக்கு மாலை போட்டீங்க, எனக்குச் செருப்பு.

— சிரிப்புக் காட்டாதீங்க சார். உங்க சம்சாரத்தோட மரச்செருப்பைக் கொண்டாந்து, அதுக்குள்ள காலைத் திணிச்சுக்கிட்டு, சோதனை மைதானத்துல வண்டி ஓட்டினீங்க. குதிகால் பாதி வெளியில தொங்குது. வேலி ஓரமா நின்னுக்கிட்டு மொத்தப் பிரிவும் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிக்குது. ஞாபகம் இருக்கா?

— அது அவளோட புதுச் செருப்பு. தோல் வார் அறுந்து போய், ஒரு வாரம் எங்கூடப் பேசல.

— அந்தக் காலுக்கும் மிதிபடணும், தப்பாவும் படக் கூடாதுன்னு ரெண்டு பெடலுக்கும் நடுவுல எத்தனை தடவை இடைவெளியை மாத்தி மாத்தி வரைஞ்சீங்க. நான் வேலைக்குச் சேந்த புதுசு. இந்த ஆளுக்குக் கிறுக்குன்னு நினைச்சேன்.

— இப்ப?

— இப்ப அதே கிறுக்கு எனக்கும். ஹொக்கைடோ பனியில மூக்கு ஒழுக ஒழுக ஒரு பெடலை ராத்திரி பூரா மிதிக்க வெச்சீங்களே, அந்தக் குளிரு இன்னும் முட்டியில இருக்கு. வேற பிரிவுக்குக் கூப்பிட்டப்பக்கூட நான் போகல சார். உங்களால போகல.

— போயிருக்கணும். இந்நேரம் டைரக்டர் ஆகியிருப்ப.

— பேச்சை மாத்தாதீங்க. வண்டியில பதிவுப் பெட்டி இருக்கு.

— தெரியும்.

— படிச்சாச்சு.

— தெரியும்கறேன்ல.

— ஆக்சிலேட்டர் தரையைத் தொட்டிருக்கு. பிரேக்கைத் தொடவே இல்ல. கடைசி வரைக்கும்.

— பெட்டி தப்புப் பண்ணும்.

— யாரு சொல்றது? சார், வண்டி பாஞ்சுதுன்னு புகார் சொன்னவங்க எத்தனை பேர் வீட்டு வாசல்ல நம்ம ரெண்டு பேரும் ஏறியிருக்கோம். பழச் சாறு பாட்டில் கட்டின பையைத் தூக்கிக்கிட்டு நான் பின்னாடி, நீங்க முன்னாடி. நீங்க குரலை உசத்தினதே இல்ல. உங்க மேல தப்பு சொல்ல வரலீங்க, எந்தப் பெடல் மேல இருக்குன்னு காலுக்கே தெரியாம போயிடும்பீங்க. பயந்த உடனே இன்னும் அழுத்தும், அழுத்த அழுத்த வண்டி பாயும், அது பிரேக்னுதான் உங்களுக்குத் தோணும்னு சொல்லுவீங்க. நான் நோட்டை மூடிடுவேன்.

— நிறுத்துடா.

— ஒருத்தர் விடாம பிரேக்னுதான் சொன்னாங்க. நீங்க ஒருத்தரைக்கூட நம்பல.

— நிறுத்துன்னு சொன்னேன்!

— மன்னிச்சிடுங்க. ஆனா எனக்குப் புரியலையே சார். அடுத்தவனுக்கு ஒரு ஞாயம், உங்களுக்கு ஒரு ஞாயமா? வயசாச்சு, கால் தடுமாறிடுச்சு. இதுல என்ன அவமானம்? எங்கப்பாவும் போன வருஷம் லைசென்ஸைத் திருப்பிக் குடுத்துட்டாரு. பஸ் சீட்டு இனாமாக் குடுத்தாங்க, ஊரைச் சுத்திக்கிட்டு ஜோரா இருக்காரு.

— உங்கப்பா வேற.

— என்ன வேற?

— நீ வீட்டுக்குப் போ குவாபரா. பத்திரிகைக்காரன் வரட்டும், நான் பேசிக்கறேன்.

— போறேன். போறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு. நாகாத்சுகான்னு ஒரு பொண்ணு எங்க பிரிவுல இருக்கு. நீங்க ரிட்டயர் ஆனப்புறம் சேந்தது. இந்த வண்டியோட ஸ்பிரிங்கை வரைஞ்சது அதுதான்.

— நல்ல ஸ்பிரிங்.

— என்ன?

— நல்ல ஸ்பிரிங்னு சொன்னேன். மிதிச்சா காலுக்குப் பேசும். யாரு வரைஞ்சதுன்னு கேக்கணும்னு இருந்தேன்.

— அந்தப் பொண்ணு சரியாச் சாப்பிட்டு நாளாச்சு சார். நிராசாவா ஐயாவே தப்புன்னு சொல்றாருன்னா தப்புதான், எனக்குத்தான் கண்டுபிடிக்கத் தெரியலன்னு சொல்லிட்டு, முழு நேரமும் சோதனை அறையிலயே கிடக்கு. உங்க பேட்டி வந்துச்சுன்னா, கம்பெனி சார்பா மன்னிப்புக் கேக்கச் சொல்லி, கேமரா முன்னாடி நிக்கவெச்சுத் தலை குனிய வைப்பாங்க. பெரியவங்க நாலு பேரு, ஓரமா அதுவும். எப்பவும் அப்படித்தானே. செய்யாத தப்புக்கு அது குனியும் சார். அப்புறம் அது பென்சிலைத் தொடாது.

— எத்தனை வயசு?

— என் பொண்ணை விட ரெண்டு மூணு கூட இருக்கும்.

— சே.

— சார்?

— ஜன்னலைச் சாத்து. மழை உள்ள அடிக்குது. அந்த நோட்டை எடு.

— எடுத்தேன்.

— எழுது. ஓட்டினவர் நிராசாவா தெத்சுரோ. பிரேக்னு நினைச்சு ஆக்சிலேட்டரை மிதிச்சுட்டேன். வண்டியில எந்தக் கோளாறும் இல்ல. பத்திரிகைக்காரனை வர வேண்டாம்னு நானே ஃபோன் பண்ணிச் சொல்லிடறேன். நாளைக்குப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் லைசென்ஸையும் குடுத்துடறேன். போதுமா?

— சார்…

— எழுதுடா. மூக்கை உறிஞ்சாத. கையெழுத்துக்கு வெக்கற என் முத்திரை அந்த டிராயர்ல இருக்கு, எடுத்துக் குடு, வெச்சுடறேன். ஆனா எனக்கு ஒரு வாக்குக் குடு.

— என்ன வேணாலும் கேளுங்க.

— சயோகோவுக்குத் தெரியக் கூடாது. அவ கேட்டா, வண்டியில ஏதோ கோளாறு, கம்பெனி பாத்துக்கிட்டிருக்குன்னு சொல்லு.

— உங்க சம்சாரத்துகிட்ட மறைக்கணுமா? ஏன் சார்? ஊருக்கே தெரியப் போகுது.

— வெக்கமா இருக்குடா. வாழ்க்கை பூரா பெடல் பெடல்னு அவ உயிரை எடுத்தவன் நான். புள்ளை பொறந்தப்பக்கூட பனியில நின்னு பெடல் மிதிச்சேன். கடைசியில எனக்கே மிதிக்கத் தெரியலன்னு எப்படிச் சொல்றது?

— அவங்க அதெல்லாம் பெருசா எடுத்துக்க மாட்டாங்க.

— உனக்கு அவளைத் தெரியாது. வாக்குக் குடுக்கறியா இல்லையா?

— குடுத்தேன். இப்ப எங்க அவங்க?

— கால் ஒடிஞ்ச ஒகிமோட்டோ பொண்ணு வீட்டுக்குப் போயிருக்கா. இனிப்புப் பெட்டி வாங்கிக்கிட்டு, மன்னிப்புக் கேக்க.

— அவங்களா? தப்பா நினைக்காதீங்க சார், ஓட்டினவர்தானே முதல்ல போகணும்?

— ரெண்டு தடவை போனேன். அவங்கப்பா கதவையே திறக்கல. பொம்பளை போனா திறப்பாங்கன்னு கிளம்பிட்டா. நான் போகாதேன்னுதான் சொன்னேன். கேட்டாத்தானே.

— வாசல்ல குடை மடக்கற சத்தம் கேக்குது. அவங்கதான்.

— நோட்டை உள்ள வை. சீக்கிரம்.

— அம்மாடி, என்ன மழை! அட, குவாபரா தம்பியா? ஷூவைப் பாத்ததுமே நினைச்சேன். என்னங்க இது, வெறும் டீயா குடுத்து உக்கார வெச்சிருக்கீங்க? அலமாரியில பயறு வெச்ச இனிப்புப் பணியாரம் இருக்குன்னு சொல்லிட்டுத்தானே போனேன்?

— அவன் சாப்பிடலையாம் சயோ.

— நீங்க எடுத்து வெச்சிருக்க மாட்டீங்க. தம்பி, உனக்கு முன்நெத்தி ஏறிடுச்சே. உடம்பைப் பாத்துக்கறதில்லையா?

— நல்லா இருக்கேம்மா. நீங்க போன இடத்துல கதவைத் திறந்தாங்களா?

— திறந்தாங்க, திறந்தாங்க. அந்தப் பொண்ணு, பாவம், கட்டுப் போட்ட காலோட எந்திரிச்சு நான் உக்கார மெத்தை போட வருது. நான் தலையைத் தரையில வெச்சேன். வெச்சது வெச்சதுதான், எடுக்க முடியல. பொய்யை வெச்சுக்கிட்டு எப்படிங்க மன்னிப்புக் கேக்கறது? என் மனசு கேக்கல. சொல்லிட்டேன்.

— என்ன சொன்ன?

— கோவிச்சுக்காதீங்க.

— சயோ, என்ன சொன்ன நீ?

— வண்டியை ஓட்டினது நான்தான்னு. நீங்க பக்கத்து சீட்டுல இருந்தீங்கன்னு.

— ஐயோ…

— அம்மா, நீங்களா?

— நான்தான் தம்பி. இவரு போலீஸ் வர்றதுக்குள்ள என்னை இறக்கிவிட்டு, தான் ஏறி உக்காந்துக்கிட்டாரு. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. வேண்டாம்னு சொல்லக்கூட வாய் வரல. நாளைக்கே போலீஸ்ல போய் நானே சொல்லிக்கறேன். எனக்கு இப்ப பயம் இல்ல. நான் பிரேக்கைத்தானே மிதிச்சேன்? அதையும் அந்தப் பொண்ணுகிட்ட சொன்னேன். அது நம்பல. அவங்கப்பா சிரிச்சாரு. சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டும்.

— சயோ, ஈரத் துணியோட நிக்காத. உள்ள போய் மாத்து.

— இருங்க, தம்பிகிட்ட இதைச் சொல்லியாகணும். அன்னிக்கு அந்தக் கண்ணாடித் தூளுக்கு நடுவுல உக்காந்து, ஒரு பச்சைப் புள்ளை காலை ஒடிச்சுட்டேனே, நான் எதுக்கு இருக்கணும்னு அழுதேன். இவரு என் காலைப் பிடிச்சுக்கிட்டு, நீ பிரேக்கைத்தான் மிதிச்ச, எனக்குத் தெரியும், நான் பாத்தேன், வண்டிதான் தப்புன்னு சொன்னாரு. இவரு யாரையும் நம்பாத மனுஷன், உனக்கே தெரியுமே. அந்த ஒரு வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டுதான் தம்பி நான் சோறு திங்கறேன், தூங்கறேன். நீ அந்தப் பெட்டியைப் படிச்சுட்டதா இவரு சொன்னாரு. பிரேக்னுதானே இருக்கு?