முந்நூத்து அறுபத்தாறாவது நாள்

இல்லம்மா, உங்க டைரக்டர் அன்னிக்குச் சொன்ன அந்தக் கதைய நான் முழுசா நம்புனதே இல்ல. பதினெட்டு வருஷமா சந்தேகந்தான். ஆனா ஒரு நாள் கூட நம்பாதவன் மாதிரி நடந்துக்கல, அதையும் சேத்து எழுதிக்கோங்க. ஏன் சந்தேகமா? வரேன், வரேன். மொதல்ல உக்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு பக்கமா சாயும். இத இழுத்துப் போட்டுக்கோங்க.

ஃபாரத்த அப்படியே மேஜைல வைங்க. ஏற்கெனவே படிச்சதுதான். பழைய கம்ப்யூட்டர் டேப் நாப்பத்தோரு பெட்டி, இனிமே உபயோகம் இல்ல, அழிச்சுடலாம், கீழ பொறுப்பாளர் கையெழுத்து. பொறுப்பாளர்னா நான்தான். முன்னாடி இருந்தவங்கல்லாம் ஒவ்வொருத்தரா கெளம்பிட்டாங்க, கடைசியா மிஞ்சினவன் கைல சாவியத் திணிச்சுட்டாங்க. போட மாட்டேன்னு நேத்தே மெயில் அனுப்பிட்டேனே? ஓ, மத்தியானத்துக்குள்ள வாங்கிட்டு வரச் சொன்னாரா டைரக்டர்? சொல்லுவார், சொல்லுவார்.

நீங்க என்ன நெனச்சுட்டு மாடி ஏறி வந்தீங்கன்னு எனக்குத் தெரியும். பெருசு பழசக் கட்டிக்கிட்டு அழுவுது, நாலு நல்ல வார்த்த சொன்னா எறங்கிடும்னு. சிரிக்காதீங்க, இந்த மாடில என் பேரே பெருசுதான். என் திரையப் பாருங்க, எழுத்து எவ்வளவு பெருசு! எதிர்க் கட்டடத்துல ஜன்னல் தொடைக்கிறவர் கூடப் படிச்சுட்டுப் போலாம். கண்ணாடி ரெண்டு வெச்சிருக்கேன், ஒண்ணு திரைக்கு, ஒண்ணு மனுஷங்களுக்கு. மீட்டிங் ஒரு மணி நேரத்தத் தாண்டுனா நடுவுல எந்திரிச்சுப் போவேன். எதுக்குன்னு எல்லாருக்கும் தெரியும், யாரும் கேக்கறதில்ல. அம்பத்திநாலு வயசாச்சு, அதுக்காக யார்கிட்டயும் மன்னிப்புக் கேக்க முடியாது. இந்த ஏ.ஐ. வந்துச்சே, இந்த மாடில மொதல்ல உக்காந்து அதக் கத்துக்கிட்டது யாருன்னு விசாரிச்சுப் பாருங்க. சின்னப் பசங்க எல்லாம் வேலை போயிடுமோன்னு மூஞ்சியத் தொங்கப்போட்டுட்டு இருந்தாங்க. எனக்கென்ன? என் வேலை போயிடும்னு இருபது வருஷமா சொல்லிட்டுத்தான் இருக்காங்க. சொன்னவங்க போயிட்டாங்க.

ஓய்வுக்கு அப்புறம் பொழுதுபோக்கு ஏதாவது இருக்கான்னா? நாசூக்காத்தான் கேக்குறீங்க. இருக்கும்மா. தொலைநோக்கி செய்யறேன். வட்டமா ஒரு கண்ணாடிப் பாளம், அடில இன்னொண்ணு, நடுவுல பொடியும் தண்ணியும், தேய் தேய்னு தேச்சுக் குழி எடுக்கணும். ஏழு மாசமாச்சு. எங்க வீட்டம்மா சொல்றா, ஒரு பாத்திரம் தேய்க்கச் சொன்னா தோள்பட்ட வலிக்குது, இதத் தேய்க்க மட்டும் வலிக்காதான்னு. சின்ன வயசுலேர்ந்தே எனக்கு அப்படி. கெட்டுப்போன எதப் பாத்தாலும் பிரிச்சு உள்ள பாக்கணும். ரேடியோ, மிக்ஸி, தங்கச்சியோட பேசுற பொம்மை. திரும்பச் சேத்தனான்னு கேக்காதீங்க, அவ இன்னும் அத மறக்கல. ஆபீஸ்லயும் எந்த மிஷின் மக்கர் பண்ணாலும் மெக்கானிக்குக்கு முன்னாடி என் கைதான் அதுல இருக்கும். திருட்டுத்தனமாத்தான். அப்போல்லாம் ஆபீஸ் சாமான் ஒரு ஸ்க்ரூ வாசலத் தாண்டுனாலும் சீட்டு கிழிஞ்சுடும். இப்போ ஆளுக்கு ஒரு லேப்டாப்பத் தூக்கிட்டு வீட்டுக்குப் போறாங்க, யாரு கேக்குறா?

சரி, சரி, விஷயத்துக்கு வரேன். நீங்க அப்போ ஸ்கூல்ல இருந்திருப்பீங்க.

ரத்தம் சோதிக்கிற லேப் ஒண்ணுக்கு நாங்க புரோகிராம் எழுதிக் குடுத்திருந்தோம். ஒவ்வொரு குப்பிக்கும் ஒரு நம்பர். வருஷத்துல எத்தனாவது நாள், அன்னிக்கு எத்தனாவது ஆள், ரெண்டையும் ஒட்டுனா நம்பர் ரெடி. சாதாரண வருஷத்துல ஒரு பிரச்சனையும் இல்ல. லீப் வருஷத்துல டிசம்பர் முப்பத்தொண்ணு முந்நூத்து அறுபத்தாறாவது நாளா வருமில்ல? அந்தப் புரோகிராம்ல ஒரு வரிக்கு முந்நூத்து அறுபத்தஞ்சுக்கு மேல எண்ணத் தெரியாது. அதுக்கு மேல போனா மறுபடி ஒண்ணுலேர்ந்து ஆரம்பிச்சுடும். அன்னிக்கு ரத்தம் குடுத்தவங்களுக்கெல்லாம் அந்த வருஷம் ஜனவரி ஒண்ணாந்தேதி குடுத்தவங்களோட ரிசல்ட் அச்சாகிப் போயிடுச்சு. அறுபது பேர். யாரும் சாகல. ஆனா ஒரு அம்மாவ, இல்லாத வியாதி இருக்குன்னு சொல்லி அஞ்சு நாள் ஆஸ்பத்திரில படுக்க வெச்சுட்டாங்க. அந்தம்மா பிள்ளைங்களக் கூப்பிட்டு நகையெல்லாம் பிரிச்சுக் குடுத்துட்டாங்களாம். ஆறாம் நாள், உங்களுக்கு ஒண்ணுமில்ல, வீட்டுக்குப் போங்கன்னுட்டாங்க. குடுத்தத திருப்பிக் கேக்க முடியுமா?

யாராவது ஒருத்தன் தலை உருளணுமில்ல? தும்மல் தலை உருண்டுச்சு.

தும்மல்ங்கறது பட்டப்பேரு. சர்வர் ரூம் குளிர்ல கால வெச்சான்னா மூணு தும்மல், எண்ணி மூணு. எனக்குப் பத்து வயசு சின்னவன், அண்ணே அண்ணேன்னு பின்னாடியே சுத்துவான். அந்த வருஷக் கடைசில ரெண்டு மாசம் ஒத்த ஆளா உக்காந்து, டேப்ல இருந்த எங்க பழைய புரோகிராம் மொத்தத்தையும் புது இடத்துக்கு மாத்துனான். என்னால முடியாதுன்னு நாங்க எல்லாரும் கைகழுவுன வேல. டேப் ஓட்ட இருந்ததே ஒரு மிஷின், அதுவும் நாளுக்கு ரெண்டு தடவ நின்னு போகும்.

இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. புது இடத்துல ஒவ்வொரு வரி பக்கத்துலயும் அத எழுதுனவன் பேரு தெரியும். கொண்டு வந்து வெச்சது இவன்ங்கறதால, அத்தன வரிக்கும் இவன் பேரே விழுந்துடுச்சு. வீடு மாத்துறப்போ கட்டில் பீரோ எல்லாத்தையும் லாரிக்காரன் பேர்ல எழுதின மாதிரி. அப்போ சிரிச்சோம், என்னடா தும்மல், கம்பெனியே உன் பேர்ல இருக்குன்னு. லேப் விஷயம் வெடிச்சதும் அந்த வரியத் தேடிப் பாத்தாங்க. பக்கத்துல தும்மல் பேரு.

சார், நான் தூக்கிட்டு வந்தவன்தான், எழுதுனவன் இல்ல, பழைய டேப்பப் பாருங்கன்னு அவன் தலதலயா அடிச்சுக்கிட்டான். அப்போ எங்க மேனேஜர், அதான் இன்னிக்கு உங்க டைரக்டர், எங்க எல்லாரையும் நிக்க வெச்சு சொன்னார். பழைய டேப்ப நேத்து நானே ஓட்டிப் பாத்துட்டேன், அதுல இந்த வரியே இல்ல, மாத்துறப்போ இவன் பண்ண கைவேலதான் இதுன்னு. தும்மல் ஏதோ சொல்ல வாயத் தொறந்தான். என்னப் பாத்தான். மூடிட்டான்.

ஏன் என்னப் பாத்தான்னா... பக்கத்துல நின்னேன், பாத்தான். விடுங்க.

அந்த வாரந்தான் என் பொண்ணு பொறந்தா. ஒன்றரைக் கிலோ. கண்ணாடிப் பெட்டிக்குள்ள ட்யூப்பும் ஒயருமா கெடந்தா, நாப்பது நாள். அந்தச் செலவு பூரா கம்பெனி இன்சூரன்ஸ்ல போச்சு. சாக்குச் சொல்றேனா? இல்ல, இருந்தத சொல்றேன். சாக்குன்னு நீங்க வெச்சுக்கிட்டாலும் சரி. தும்மல் அந்த வாரமே வேலை போயி, தன் பெட்டிய எடுத்துட்டுப் போனான். அவன் பேரு கெட்டுப்போனது எங்க லைன் பூரா பரவிடுச்சு, அப்புறம் ஒருத்தரும் அவன வேலைக்கு எடுக்கல.

போன மாசம் என் பொண்ணு கார் ஓட்டக் கத்துக்கப் போனா. வந்து சொல்றா, அப்பா, எங்க மாஸ்டர் ஏசி போட்டா கரெக்டா மூணு தும்மல் தும்முறார், மூணு தடவையும் நான் பிரேக்க மிதிச்சுடறேன்னு. கையக் கழுவிட்டு வந்து, எந்த டிரைவிங் ஸ்கூல்னு அட்ரஸ் கேட்டேன்.

மறுநாள் போய் நின்னேன். தல பூரா நரை. அண்ணே, இது உங்க பாப்பாவா, அன்னிக்குப் பெட்டிக்குள்ள இருந்தாளே அவளான்னான். நல்லா ஓட்டுறாண்ணே, ஒரே ஒரு குறை, பின்னாடி பாக்குற கண்ணாடியப் பாக்கவே மாட்டேங்கறான்னான். அவன் எதையும் மனசுல வெச்சுச் சொல்லல. டீ வாங்கிக் குடுத்தான். அதுக்குக் காசு கூட என்னக் குடுக்க விடல.

அடுத்த வாரம் இந்த ஃபாரம் வருது, டேப்ப அழிக்கணும்னு. எப்படி இருக்கும் எனக்கு? நேரா கீழ ஸ்டோர் ரூமுக்குப் போனேன். மிஷின் அங்கேயேதான் கெடந்துச்சு. உள்ள ரப்பர் பெல்ட் பிசுபிசுன்னு உருகிப் போயிருந்துச்சு. வேற பெல்ட் ஒண்ண அளந்து வெட்டிப் போட்டு, மூணு நாள் மல்லுக்கட்டி ஓட வெச்சேன். டேப்ல வந்தத அப்படியே உங்க ஏ.ஐ.கிட்ட குடுத்து, இந்த வரி எப்போ வந்துச்சு, யாரு எழுதுனான்னு கேட்டேன். நாலு நிமிஷம். பதினெட்டு வருஷமா எனக்குத் தைரியம் வராத வேலைய அது நாலு நிமிஷத்துல முடிச்சுட்டு, வேற ஏதாவது உதவி வேணுமான்னு கேக்குது.

வரி அதுல இருக்கும்மா. ஜம்முனு இருக்கு. தும்மல் இங்க வேலைக்குச் சேர்றதுக்கு மூணு வருஷம் முன்னாடியே எழுதுனது. மேல ஒரு குறிப்பு வேற: இப்போதைக்கு இது போதும், லீப் வருஷத்தப் பிறகு பாத்துக்கலாம். பக்கத்துல எழுதுனவன் பேரு.

யாரோடதா? என்னோடதுதான். தண்ணி வேணுமா, அந்த பாட்டில் நான் வாய் வைக்காதது.

எழுதுன ஞாபகம் சத்தியமா இல்ல. இல்ல, வெச்சுக்க இஷ்டமில்லாம விட்டுட்டனோ என்னவோ. வீட்டுல சொன்னேன். எங்க வீட்டம்மா அடுப்ப அணச்சுட்டு வந்து எதிர்ல உக்காந்தா. அப்புறம் கேட்டா, இத்தன வருஷத்துல, இப்போ தேய்க்கிற அந்தக் கண்ணாடியத் தவிர வேற எதையாவது நேராப் பாத்தீங்களான்னு.

இந்தாங்க ஃபாரம். கையெழுத்து இல்லதான், ஆனா ஆட்சேபம்னு ஒரு கட்டம் விட்டிருக்காங்களே, அது பூரா எழுதியிருக்கேன். எடம் பத்தாம பின்னாடியும் எழுதியிருக்கேன். வரி என்னுது, தப்பு என்னுது, தும்மலுக்குக் கம்பெனி முத்திரையோட கடிதம் போகணும், அது வரைக்கும் டேப் ஒண்ணு கூட ஸ்டோர விட்டு நகராது. சாவி என் பாக்கெட்ல. வேலைய விட்டு அனுப்புவாங்களா? அனுப்பட்டும். கண்ணாடி தேய்க்கப் போறேன். இதோட நகல் என் பைல இருக்கு, சாயங்காலம் டிரைவிங் ஸ்கூலுக்குப் போய் அவன் கைலயே குடுத்துட்டு, அவன் அடிச்சா வாங்கிக்கிட்டு வருவேன். அடிக்க மாட்டான், அதுதான் கஷ்டம்.

என்ன? ஆமா, ஏன் சந்தேகம்னு மொதல்லயே கேட்டீங்க, நான்தான் நழுவிட்டே இருக்கேன். இன்னிக்குக் காலைல லிஃப்ட்ல நானும் உங்க டைரக்டரும் மட்டுந்தான். மாடி நம்பரையே பாத்துட்டு நின்னார். அஞ்சாவதுல கதவு தொறந்துச்சு. அவர் எறங்கப் போனார், நான் கைய குறுக்க வெச்சுட்டேன். வெச்சுக்கிட்டு கேட்டேன்: சார், அந்த டேப் மிஷின ரிப்பேர் பாக்கறதுக்காக நீங்க டேப்ப ஓட்டிப் பாத்தேன்னு சொன்னதுக்கு முந்தின வாரமே நானும் தும்மலும் யாருக்கும் தெரியாம என் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிட்டோமே, நீங்க எதுல ஓட்டிப் பாத்தீங்க?